தச்சுப் பட்டறைக்கு விசிட்டிங் கார்டு: ஆப்செட்டா, டிஜிட்டலா, ஸ்கிரீனா, மரத்திலேயேவா?

நாலு பேர் வேலை பார்க்கிற தச்சுப் பட்டறையின் விசிட்டிங் கார்டு எங்கெல்லாம் போகிறது என்று முதலில் பாருங்கள். பிளைவுட் கடைக் கல்லாவில் கண்ணாடிக்கு அடியில் கிடக்கும். கொத்தனாரின் சட்டைப் பையில் வியர்வையில் ஊறும். அளவெடுக்கப் போன வீட்டில் அதன் முதுகில்தான் ‘கதவு 6¾ × 3, இரண்டு’ என்று எழுதிக் கொடுப்பீர்கள். அதை வீட்டுக்காரர் கொண்டுபோய் இன்னொருவரிடம் காட்டுவார். இத்தனையையும் தாங்குவதுதான் இந்தத் தொழிலுக்கு நல்ல கார்டு. பளபளப்பெல்லாம் அதற்கு அப்புறம்.

நம் ஊர்களில் கிடைக்கும் வழிகளை இந்தக் கண்ணோடு ஒப்பிட்டால் முடிவெடுப்பது சுலபம்.

ஆப்செட் மல்டி கலர்

உள்ளூர் டிடிபி கடையில் கொடுத்தாலும் பெரும்பாலும் சிவகாசி மாதிரி அச்சுத் தொழில் பெருத்த ஊருக்குப் போய், பலருடைய கார்டுகளோடு ஒரே ஷீட்டில் சேர்ந்து அச்சாகித்தான் வரும். விலை குறைவதற்குக் காரணமும் அதுதான். நாலு கலருக்கு நாலு பிளேட் போடும் செலவும் மெஷினை செட் செய்யும் செலவும் எத்தனை கார்டு அடித்தாலும் ஒன்றே. அதனால் 500க்கும் 1000க்கும் பெரிய வித்தியாசம் வராது. ஆப்செட் என்று முடிவு செய்தால் 1000 அடிப்பதே கணக்கு.

சேர்ந்து அச்சாவதில் ஒரு சங்கடம் உண்டு. மையின் அளவு மொத்த ஷீட்டுக்கும் பார்த்துத்தான் வைக்கப்படும். பக்கத்துக் கார்டில் கருஞ்சிவப்பு நிறைய இருந்தால் உங்கள் தேக்கு நிறம் செம்மண் நிறமாக வரலாம், அடுத்த தடவை அடிக்கும்போது வேறு மாதிரி வரலாம். ஆகவே கார்டு முழுக்கப் பழுப்பு நிறம் நிரப்புவதைத் தவிர்த்துவிடுங்கள். அடர்நிறம் ஓரம்வரை போனால் பத்து நாள் பையில் இருந்ததும் விளிம்பு தேய்ந்து வெள்ளை தெரியும். போன் நம்பரும் முகவரியும் சுத்தக் கறுப்பில், கறுப்பு பிளேட்டில் மட்டும் வரட்டும். பொடி எழுத்தைப் பழுப்பில் போட்டால் அது மூன்று மைகளின் புள்ளிகள் சேர்ந்து உண்டாவது. பிளேட் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி நிழல் விழும்.

அட்டைதான் இதில் முக்கியம், ஆனால் யாரும் கேட்பதில்லை. வழக்கமாகத் தருவது 300 அல்லது 350 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் அட்டையின் எடை, கிராமில்) ஆர்ட் கார்டு, இரண்டு பக்கமும் மேட் லேமினேஷன். கையில் பிடிக்க நன்றாக இருக்கும், ஈரமும் தாங்கும். ஆனால் அதன்மேல் பால்பாயின்ட் வழுக்கும், ஜெல் பேனா எழுத்து விரல் பட்டதும் அழியும். அளவு எழுதிக் கொடுக்கும் தொழிலுக்கு இது பெரிய குறை. ‘அப்படியானால் முன்பக்கம் மட்டும் லேமினேஷன் போடுங்கள்’ என்று சொன்னால் வேறு தொல்லை வரும். திறந்திருக்கும் பக்கம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரியும், ஃபிலிம் ஒட்டிய பக்கம் விரியாது. கார்டு ஃபிலிம் பக்கமாக வளைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் சன்மைக்கா ஒட்டிய பலகை வளைவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

சரியான வழி, ஒரு பக்கம் மட்டும் கோட்டிங் உள்ள 300 ஜிஎஸ்எம் அட்டையை லேமினேஷன் இல்லாமல் கேட்பது. அட்டைப்பெட்டிக்குப் பயன்படுத்தும் போர்டு என்றால் அச்சகத்தில் புரியும். வழுவழுப்பான முன்பக்கத்தில் கலர் அச்சு நன்றாக வரும், பின்பக்கம் பென்சில் பேனா இரண்டையும் பிடிக்கும். லேமினேஷன் போட்டதைவிடச் சீக்கிரம் அழுக்காகும், உண்மைதான். எழுத முடிகிற கார்டுக்கு அந்த விலையைக் கொடுக்கலாம்.

டிஜிட்டல்

பிளேட் கிடையாது, ஷீட் கணக்கு. 13 × 19 அங்குல ஷீட்டில் ஓரம் விட்டு 25 கார்டு பிடிக்கும். நாலு ஷீட்டில் 100 கார்டு, அன்றைக்கே கையில். ஒரு கார்டுக்கு ஆகும் விலை ஆப்செட்டைவிடக் கூடுதல். நம்பர் மாறப்போகிறது, கடை இடம் மாறப்போகிறது என்றால் இதுதான் பொருத்தம். சொரசொரப்பான அட்டையிலும் பழுப்பு நிறக் கிராஃப்ட் அட்டையிலும் மட்டும் வேண்டாம். டிஜிட்டல் மெஷினின் தூள் மையான டோனர் மேலாகத்தான் உட்காரும், பள்ளங்களில் இறங்காது. பழுப்பு அட்டையில் நிறமும் மங்கிவிடும், பெரும்பாலான மெஷின்களில் வெள்ளை மை இருக்காது.

ஸ்கிரீன் பிரிண்டிங்

கிராஃப்ட் அட்டையில் கறுப்போ வெள்ளையோ ஒரே கலரில் அடித்த கார்டு மரவேலைக்காரருக்கு அழகாகப் பொருந்தும். மை கனமாக உட்காருவதால் பழுப்பின் மேல் வெள்ளை பளிச்சென்று தெரியும். அட்டை முழுக்கப் பேனா பிடிக்கும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் ஸ்கிரீன் பட்டறை எல்லா ஊரிலும் இருப்பதால் 200, 300 என்று சின்ன எண்ணிக்கையும் எடுத்துக்கொள்வார்கள்.

குறை, பொடி எழுத்து. 7 பாயின்ட்டுக்குக் கீழே போனால் ‘ஞ’, ‘ண’, ‘ஜ’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும். தமிழில் அடிப்பதென்றால் 8 பாயின்ட்டுக்கு மேலேயே வைத்து, விஷயத்தைக் குறையுங்கள். ‘அனைத்துவிதமான மரவேலைகளும் சிறந்த முறையில் செய்து தரப்படும்’ என்ற வரி எல்லார் கார்டிலும் இருக்கிறது, அதைப் படித்து யாரும் கூப்பிடுவதில்லை. ‘தேக்கு நிலை, கதவு, பூஜை அறைக் கதவு, ஊஞ்சல்’ என்றால் எதற்குக் கூப்பிடுவது என்று தெரிந்துவிடும்.

மரத்திலேயே கார்டு

காகிதத்தில் மர வரியைப் படமாக அச்சடிப்பதை மரவேலை செய்கிறவர் செய்யக் கூடாது என்றே சொல்வேன். பார்க்கிறவர் விரலால் தடவுவார், தடவினால் காகிதம். அதற்குப் பதில் நிஜ மரத்தில் ஐம்பது கார்டு செய்து வையுங்கள். காகிதக் கார்டு உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லும். மரக் கார்டோ உங்கள் வேலையே. அதனால் அது வளைந்தாலோ பிளந்தாலோ கெட்ட பெயரும் உங்களுக்குத்தான்.

ஒற்றை வெனீர், அதாவது மெல்லிய மரத் தகடு, உதவாது, சுருண்டுவிடும், வரியோடு பிளக்கும். இரண்டு வெனீரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாலும் முறுக்கிக்கொள்ளும், இரண்டு பக்கமும் வேறு வேறு திசையில் இழுப்பதால். நீளவாக்கில் ஒரு வெனீர், நடுவில் கெட்டியான ஒரு தாள், மறுபடி நீளவாக்கில் ஒரு வெனீர் என்று வைத்தால் இருபுறமும் இழுவை சமம். 0.5 மி.மீ. வெனீர் இரண்டு போட்டால் மொத்தம் 1 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும். ஏடிஎம் கார்டு 0.76 மி.மீ., ஆகவே பர்ஸில் நுழையும். 3 மி.மீ. பிளைவுட்டில் வெட்டிய கார்டு நுழையாது, மேசையிலேயே கிடந்துவிடும்.

300 மி.மீ. சதுரத் துண்டில் 90 × 54 மி.மீ. கார்டு 15 வரும். ஐம்பதுக்கு நாலு துண்டு. வெள்ளைப் பசையை ரோலரால் மெல்லியதாகத் தடவுங்கள். கூடிப்போனால் வெனீரின் துளை வழியாக மேலே கசிந்து, பாலிஷ் ஏறாத திட்டாகத் தெரியும். இருபுறமும் பாலித்தீன் வைத்து, இரண்டு எம்டிஎஃப் பலகைக்கு நடுவில் கிளாம்ப் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். ஈரத்தோடு வெளியே எடுத்தால் கண்டிப்பாக வளையும்.

எழுத்துக்கு கார்பன்டை ஆக்சைடு லேசர் வேண்டும். முதலில் ஒரு கை சாண்டிங் சீலர் கொடுத்துவிட்டால் புகைக்கறை மரத்துக்குள் இறங்காது, துடைத்தால் போய்விடும். எழுத்தைப் பொறித்த பிறகே வெட்ட வேண்டும். முதலில் வெட்டினால் கார்டு நகர்ந்து எழுத்து கோணலாகும். கத்தியால் வெட்டுவதென்றால் வரிக்குக் குறுக்கே முதலில், வரியோடு பிறகு. குறுக்கு வெட்டில் ஓரம் பெயர்ந்தாலும் அடுத்த வெட்டில் அது போய்விடும். மேப்பிள், ஆஷ், பீச் போன்ற வெளிர் மரங்களில் எழுத்து கறுத்துத் தெரியும். தேக்கிலும் ஈட்டியிலும் பழுப்பின் மேல் பழுப்பாகிவிடும். அவற்றில் பெயரைப் பெரிதாகப் பொறியுங்கள், பொடி எழுத்து வேண்டாம்.

இந்தக் கார்டை எல்லாருக்கும் கொடுக்காதீர்கள். ஆர்க்கிடெக்டுக்கும், பெரிய வேலைக்கு அட்வான்ஸ் கொடுத்த வாடிக்கையாளருக்கும் போதும்.

பிவிசி பிளாஸ்டிக் கார்டும் கிடைக்கிறது. நனையாது, கிழியாது, பேனாவும் பிடிக்காது. மரத்தொழிலுக்கு அதில் வேறு பலன் இல்லை. எழுத்துப் பொறிக்க அதை லேசரில் மட்டும் வைத்துவிடாதீர்கள். எரியும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு நுரையீரலையும் கெடுக்கும், மெஷினையும் அரிக்கும்.

எந்த வழியில் போனாலும்

கியூஆர் கோடு போட்டால் அதற்குள் வாட்ஸ்அப்பின் குறுகிய இணைப்பை (https://wa.me/ என்று தொடங்குவது) மட்டும் வையுங்கள். நம்பர் 91இல் தொடங்கட்டும், கூட்டல் குறி வேண்டாம். 26 எழுத்துதான், 25 × 25 கட்டத்தில் அடங்கும். 20 மி.மீ. அகலத்தில் ஒரு கட்டம் 0.8 மி.மீ. பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் திணித்து 150 எழுத்தானால் 49 × 49 ஆகி, ஒரு கட்டம் 0.4 மி.மீ.க்குச் சுருங்கும். அது ஸ்கிரீனில் அடைத்துக்கொள்ளும், மரத்தின் வரியில் காணாமல் போகும். சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் வேண்டும். பழுப்பு அட்டையில் வெள்ளை மையால் கியூஆர் அடிக்காதீர்கள், கறுப்பு வெளுப்பு தலைகீழானால் சில போன்கள் படிக்காமல் போகலாம்.

பின்பக்கத்தின் ஓரத்தில் மூன்று அங்குல ஸ்கேல் போட்டால் கார்டைத் தூக்கி எறிய மனம் வராது. 3 அங்குலம் 76 மி.மீ., 90 மி.மீ. கார்டில் இருபுறமும் 7 மி.மீ. மிஞ்சும். ஒவ்வொரு அங்குலத்துக்கும் எட்டு நூல் கோடு. பூஜ்யத்தைக் கார்டின் விளிம்பில் வைக்காமல் உள்ளே தள்ளித் தொடங்குங்கள், கட்டிங்கில் கட்டுக்குக் கட்டு 1 மி.மீ. வரை நகரும். அதே காரணத்துக்காக, ஓரம்வரை நிறம் போடுவதாக இருந்தால் அது வெட்டும் கோட்டைத் தாண்டி 3 மி.மீ. வெளியே போகட்டும், எழுத்து ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே நிற்கட்டும்.

கடைசியாகத் தமிழ் எழுத்து. நீங்கள் போனில் தட்டி அனுப்புவது யூனிகோடு. பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருதான் ஓடுகிறது, மாற்றும்போது கொம்பும் ஒற்றும் இடம் மாறும். ‘தொழிற்கூடம்’ என்பதில் ‘தொ’ சிதைந்து வருவது சகஜம். எழுத்தைக் கர்வ் (எழுத்துரு இல்லாமலேயே தெரியும் கோட்டு வடிவம்) ஆக்கிய பிறகு வரும் பிடிஎஃப்பைத்தான் படித்துப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் வரும் படத்தை நம்பி ஓகே சொல்லாதீர்கள். அந்தப் பிடிஎஃப்பை நூறு சதவீத அளவில் ஒரு தாளில் எடுத்து, ஸ்கேலின் மேல் டேப்பை வைத்துப் பாருங்கள். கியூஆரை இரண்டு போனில் ஸ்கேன் செய்யுங்கள். அச்சான நம்பருக்கு ஒரு தடவை நீங்களே போன் போடுங்கள்.