உரிமல்செம்: கொரிய வட்டார மரியாதை விகுதிகளுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

சியோல் வழக்கை மட்டும் படித்தவர்கள் பூசான் நகரச் சந்தைப் பேச்சையோ ஜேஜு தீவுப் பாட்டிமார் பேச்சையோ கேட்டால், முதலில் பிடிபடாமல் போவது வாக்கியத்தின் கடைசி அசைதான். அதைத் தேட நல்ல இடம் உரிமல்செம். தேசிய கொரிய மொழி நிறுவனம் 2016-இல் திறந்த இலவச இணைய அகராதி இது. பயனர்களும் சொல் சேர்க்கலாம்.

விரிவான தேடலில் வட்டார வழக்கு என்ற வகையை முதலில் தேர்ந்தெடுங்கள். விகுதிகள் முன்னால் சிறுகோட்டுடன் பதிவாகியிருக்கும். கோடு இல்லாமல் ‘சுதா’ என்று மட்டும் தட்டினால் ‘அரட்டை’ என்ற பெயர்ச்சொல்லும் வந்து நிற்கும். நாம் தேடும் ஜேஜு மரியாதை விகுதி அதுவல்ல. காதில் விழுந்த சுருங்கிய வடிவம் கிடைக்காவிட்டால் அதை முழு வடிவமாக விரித்துத் தேடுங்கள். பூசான் இருக்கும் தென்கிழக்குப் பகுதியான கியோங்சாங்கில், மரியாதையாக ஒன்றைச் சொல்லும்போது உயிரெழுத்துக்குப் பின் ‘-ம்னிதொ’, மெய்க்குப் பின் ‘-சும்னிதொ’. பின்னது பேச்சில் ‘-சிம்தொ’ என்று சுருங்கிவிடும். ஜேஜுவிலும் இதே கணக்குதான்: மெய்க்குப் பின் ‘-சுதா’, உயிருக்குப் பின் ‘-உதா’, கேள்வியானால் ‘-சுக்வா’, ‘-உக்வா’.

எந்த ஊர்ப் பேச்சு, பொதுவழக்கில் அதற்கு இணை எது என்பதை அகராதி சட்டென்று சொல்லிவிடுகிறது. யார் யாரிடம் சொல்லலாம் என்பதுதான் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வட்டாரச் சொல்லுக்கான விளக்கம் பொதுவாக ஒற்றை வரியோடு முடிந்துவிடும். இது சின்னக் குறை அல்ல. பொதுவழக்கில் ‘-சோ’ நடுத்தர மரியாதை, பெரியவர்களிடம் சொல்லக் கூடாது. பூசானின் ‘-இசோ’ அப்படியில்லை. ஜகல்சி மீன்சந்தையின் புகழ்பெற்ற அழைப்பான ‘ஒயிசோ, போயிசோ, சயிசோ’ (வாங்க, பாருங்க, வாங்கிக்கோங்க) முழு மரியாதையோடு வாடிக்கையாளரை வரவேற்பது. பாடநூல் அறிவை மட்டும் நம்பினால் இங்கே தலைகீழாகப் புரிந்துகொள்வோம்.

ஊர்க் குறிப்பும் பெரும்பாலும் மாகாணத்தோடு நின்றுவிடும். வடகியோங்சாங் என்று போட்டிருந்தால் அது ஆந்தோங் நகரப் பக்கத்துக் கேள்வி விகுதியான ‘-னிக்யொ’வா, தேகு நகரிலும் புழங்குவதா என்று தெரியாது. அதைப் பேச்சுப் பதிவுகளைக் கேட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

சுங்சோங் பகுதியின் ‘-யூ’வுக்கு அகராதியே தேவையில்லை, பொதுவழக்கின் மரியாதை விகுதியான ‘-யோ’ வரும் இடத்தில் அப்படியே வரும். ஜொல்லா பகுதியின் ‘-ராவு’க்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

விளக்கங்கள் எல்லாம் கொரிய மொழியில்தான். ஹங்குல் எனும் கொரிய எழுத்து மட்டும் தெரிந்தவர்களுக்கு இது இப்போதைக்கு வேண்டாம். இடைநிலையைத் தாண்டியவர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம்.