சர்க்கரை உள்ள தாயும் பிறந்த குழந்தையும்: ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கவனிப்பு

மதுரையில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில், 37 வாரம் முடிந்த நிலையில், எனக்குச் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்தது. ஆறாம் மாதம் முதல் இன்சுலின் போட்டுக்கொண்டவள் என்பதால், அறை வசதியை விட்டுவிட்டு, குழந்தையின் இரத்தச் சர்க்கரையை அங்கே எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பிரசவத்துக்கு முந்தைய ஆலோசனையை மனமாரப் பாராட்டுகிறேன். தாயின் இரத்தத்தில் மிகுந்திருக்கும் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும், இன்சுலினோ கடக்காது; ஆகவே குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரக்கப் பழகிவிடும்; தொப்புள்கொடியை வெட்டியதும் குளுக்கோஸ் வரத்து நின்றுபோக, இன்சுலின் உடனே குறையாததால், முதல் ஓரிரு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடும் என்று குழந்தை மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கடைசி மாதங்களில் என் சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் இருந்ததையும், இரத்த அழுத்தத்துக்காக நான் லேபெட்டலால் மாத்திரை எடுத்ததையும் கோப்பில் தனியே குறித்துக்கொண்டார். அந்த மாத்திரையும் குழந்தையின் சர்க்கரையைக் குறைக்கக்கூடும் என்பதை அதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை. அறுவைச் சிகிச்சை நாளன்று மணிக்கொரு முறை என் சர்க்கரையைப் பார்த்ததும் இதே காரணத்துக்காகத்தான். அந்த நேரத்தில் தாய்க்குச் சர்க்கரை ஏறினால், பிறந்தபின் குழந்தைக்கு இறங்கும்.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை என் மார்போடு சேர்த்துப் படுக்கவைத்துச் சீம்பால் குடிக்கவைத்தார்கள். அரை மணி நேரம் கழித்துக் குதிகாலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 38 மி.கி./டெ.லி. எனக் குறைவாகக் காட்டியது. குளுக்கோமீட்டர் குறைந்த அளவுகளில் அவ்வளவு துல்லியமானதல்ல என்பதால் ஆய்வகத்துக்கும் இரத்தம் அனுப்பினார்கள். ஆனால் முடிவுக்காகக் காத்திராமல், 40 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஜெல்லைக் கன்னத்தின் உட்புறம் தடவி மீண்டும் பாலூட்டச் செய்தார்கள். அடுத்த அளவு 52. நியூசிலாந்தில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வுக்குப் பின் பரவிய எளிய சிகிச்சை இது. தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோகாமல் குழந்தை என் பக்கத்திலேயே இருந்தது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது.

குறை இரவில் நேர்ந்தது. பணி மாறும் நேரத்தில், பாலூட்டுவதற்கு முன் செய்யவேண்டிய ஒரு பரிசோதனை விடுபட்டது. கேட்டபோது, “பாப்பா மூணு கிலோதாம்மா, பெரிய குழந்தை இல்லையே, நல்லாத் தூங்குது” என்றார் புதிதாக வந்த செவிலியர். எடை மிகுந்த குழந்தைகளுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை; ஆனால் எடை சரியாக இருப்பதால் ஆபத்து நீங்கிவிடாது. எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறந்த குழந்தைகளுக்கு உடம்பில் சர்க்கரைச் சேமிப்புக் குறைவு என்பதால் அவர்களுக்கும் இதே கவலை உண்டு. பல குழந்தைகளிடம் நடுக்கம் போன்ற அறிகுறி எதுவும் தெரியாது. அசந்து தூங்குவதே அறிகுறியாகவும் இருக்கலாம். போதாததற்கு அறையின் ஏசி குளிர். உடம்பு சில்லிட்டால் குழந்தையின் சர்க்கரை இன்னும் வேகமாகச் செலவாகும். நான் வற்புறுத்திய பிறகு பார்த்தார்கள்: 49. மறுநாள் தலைமைச் செவிலியர் வருத்தம் தெரிவித்து, பரிசோதனை நேர அட்டவணையைக் கட்டிலிலேயே மாட்டிவைத்தார். அதை முதல் மணியிலேயே செய்திருக்க வேண்டும். அங்கே சேரும் சர்க்கரை உள்ள தாய்மார்கள் அந்த அட்டவணையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டணச் சீட்டில் ஸ்ட்ரிப், ஜெல், ஆய்வகம் என எல்லாம் தனித்தனியே தெளிவாக இருந்தன. வீட்டுக்கு அனுப்பும்போது, ஆறு வாரம் கழித்து எனக்கு 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை செய்யவேண்டிய தேதியையும் எழுதித் தந்தார்கள்.