எனக்குக் கேட்கிறதா, நான் கேட்கிறேனா: ஹியர், லிஸன், ஸீ, லுக், வாட்ச்

அலுவலகத் தொலைபேசி அழைப்பு ஒன்றில் எதிர்முனையின் குரல் விட்டு விட்டு வந்தபோது, பதற்றத்தில் நான் ‘ஐ ஆம் நாட் லிஸனிங்’ என்று சொல்லிவிட்டேன். ‘எனக்குக் கேட்கவில்லை’ என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் நான் சொன்னதற்கு ‘நீங்கள் பேசுவதை நான் கவனிக்கவில்லை’ என்று பொருள். ‘ஐ காண்ட் ஹியர் யூ’ என்றிருக்க வேண்டும்.

ஹியர், லிஸன் இரண்டுக்கும் அகராதியில் ‘கேள்’ என்றே பொருள் காண்கிறோம். போதாக்குறைக்கு ஆஸ்க் என்பதற்கும் அதே சொல்தான். ஆயினும் இந்த வேறுபாடு தமிழுக்குப் புதியதன்று. ஆங்கிலம் வினையை மாற்றிக் காட்டுவதைத் தமிழ் வேற்றுமையை மாற்றி, அதாவது ‘நாம்’ என்பதை ‘நமக்கு’ என்று ஆக்கிக் காட்டுகிறது. தெருமுனைக் கோயிலின் ஒலிபெருக்கி நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ‘நமக்குக் கேட்கிறது’, அது ஹியர். அதில் வரும் பாட்டு பிடித்துப்போய், கைவேலையை நிறுத்திவிட்டு ‘நாம் கேட்கிறோம்’ என்றால் அது லிஸன். ‘சொன்ன பேச்சைக் கேள்’ என்று அம்மா அதட்டும்போதும் லிஸன்தான், ஏனெனில் அங்கே காது மட்டும் போதாது, மனமும் வேண்டும். கேட்கப்படுவதைச் சொல்லும்போது லிஸனுக்குப் பின் ‘டு’ வரும். ஹியருக்கு அது வேண்டாம்.

கண்ணுக்கும் இதே கணக்குதான். ‘எனக்குத் தெரிகிறது’ என்பது ஸீ. ‘நான் பார்க்கிறேன்’ என்பது லுக் அல்லது வாட்ச். மாடியிலிருந்து கடல் தெரிகிறதா என்று ஒருவர் கேட்டால் ‘ஐ கேன் ஸீ இட்’ என்பதே இயல்பான பதில். அங்கே ‘ஐ ஆம் ஸீயிங் இட்’ என்பது ஒட்டாது. (ஆளைக் குறித்து ‘ஐ ஆம் ஸீயிங் ஹெர்’ என்று சொல்லும்போது கூடுதல் கவனம் தேவை, பெரும்பாலும் அதற்குக் காதலித்துப் பழகுகிறோம் என்றே பொருள்.)

இந்த எனக்கு–நான் சோதனை நிகழ்காலத்தில் நன்றாகக் கைகொடுக்கும்; இறந்தகாலத்தில் சறுக்கும். ‘நேற்று அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன்’ என்பதில் ‘நான்’ இருந்தாலும், தற்செயலாகக் கண்ணில் பட்டவர் என்பதால் அங்கே ஸீயின் இறந்தகாலமான ஸா என்றே வரும். ‘அந்தச் செய்தியைக் கேட்டேன்’ என்பதும் அவ்வாறே பெரும்பாலும் ஹியர்ட் ஆகும். டாக்டரைப் பார்ப்பதற்கும் ஸீதான், அதில் தற்செயல் எதுவும் இல்லாவிட்டாலும்.

லுக்கையும் வாட்ச்சையும் பிரிப்பதற்குத் தமிழ் அவ்வளவாக உதவாது. பார்க்கப்படும் பொருளைத்தான் கவனிக்க வேண்டும். சுவரில் தொங்கும் புகைப்படம் அசையாது, மாறாது. அதற்கு லுக் அட். கிரிக்கெட் ஆட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும், அதற்கு வாட்ச். ‘அடுப்பில் பால் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்’ என்பதும் வாட்ச்தான், ஏனென்றால் அடுத்த நொடியில் அது பொங்கக்கூடும். திரையரங்கில் பார்க்கும் படத்துக்கு ஸீ, வாட்ச் இரண்டும் பொருந்தும். வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் படத்துக்கு வாட்ச் என்பதே இயல்பு. தேர்ந்தெடுக்கும் சிரமம் வேண்டாம் என்று நான் இரண்டு இடத்திலும் வாட்ச் என்றே சொல்லிவிடுகிறேன்.