காணாமல் போன குழந்தைகளுக்கான நாள்: மே 25-ஆ, தனித் தேதியா?

இப்படியொரு நாளுக்கு அரசு அங்கீகாரம் கேட்டு மனு எழுத உட்காரும் குழுக்கள் முதலில் தடுமாறுவது தேதியில்தான்.

மனு எழுதும் வேலை: மே 25 ஏற்கெனவே பல நாடுகளில் காணாமல் போன குழந்தைகளுக்கான நாளாக இருக்கிறது. 1979-ல் அதே தேதியில் நியூயார்க்கில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் காணாமல் போனான். 1983-ல் அதிபர் ரீகன் அந்தத் தேதியை அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய நாளாக அறிவித்தார். மனுவில் இந்த முன்னுதாரணம் ஒன்றே பாதி வாதம். குழுவே தேர்ந்தெடுக்கும் தனித் தேதி என்றால், ஏன் அந்த நாள் என்று தனியே நிறுவ வேண்டும்.

வீச்சு: மே 25-ல் பிற நாட்டு அமைப்புகளோடு ஒரே நேரத்தில் குரல் எழும். ஆனால் பள்ளிகளுக்கு விடுமுறைக் காலமாக இருந்தால் மாணவர்களை எட்டவே முடியாது. தனித் தேதியைக் கல்வியாண்டின் நடுவில் வைக்கலாம்.

குடும்பங்கள்: இங்கேதான் அதிகக் கவனம் தேவை. ஒரு குழந்தை தொலைந்த நாளையே தேர்ந்தால் மற்றக் குடும்பங்கள் ஒதுக்கப்பட்டதாக உணர்வார்கள். அந்த வழக்கு முடிந்துவிட்டால் நாளின் வலுவும் குறையும். எந்தத் தேதியானாலும், மெழுகுவத்தியும் மௌன அஞ்சலியும் மட்டும் வைத்தால், பிள்ளை திரும்பும் என்று காத்திருக்கும் தாய்க்கு அது இரங்கல் கூட்டமாகவே படும். பெயர், காணாமல் போன தேதி, இன்றைய வயதுக்கேற்ப வரைந்த முகம், தகவல் சொல்லத் தொலைபேசி எண் ஆகியவற்றோடு படங்களை வையுங்கள்.

சிறிய குழு, விரைவான அங்கீகாரம் என்றால் மே 25. பள்ளிகளே இலக்கு, குடும்பங்களும் ஒருமித்திருக்கிறார்கள் என்றால் தனித் தேதி. இரண்டிலும் பொறுப்பேற்கும் துறையின் பெயரை மனுவிலேயே எழுதுங்கள். அது விடுபட்டால் அடுத்த ஆண்டு யாரும் நடத்த மாட்டார்கள்.