சுங்கை சிப்புட் பசார் மாலாமில் எந்த நாட்டைச் சாப்பிடலாம்?

பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கடை தேர்ந்தெடுக்க எனக்கு ஒரே வழிதான் உண்டு. வரிசையில் நிற்கும் முகங்களைப் பார்ப்பேன். பக்சோ பானைக்கு முன்னால் தோட்டத்து இந்தோனேசியப் பையன்கள் நின்றால் நானும் போய் நிற்பேன். கொரியா என்று பலகை மாட்டிய கடை முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மட்டும் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் தாண்டிப் போய்விடுவேன். காலையில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறும் சம்பல் என்ற மிளகாய்த் தொக்கும், பொட்டலம் கட்டி விற்கிறவள் நான். பக்கத்து மலாய்க் கிராமத்து மக்சிக்குகள், அதாவது பெரியம்மாக்கள், வந்து "சம்பல் லெபே சிக்கிட்" (சம்பல் இன்னும் கொஞ்சம்) என்று கேட்டு வாங்க ஆரம்பித்த பிறகுதான் என் சம்பல் தேறிவிட்டது என்று நானே நம்பினேன். அதே பரீட்சையை மற்றவர்களுக்கும் வைக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். சுற்றிலும் ஒரு காலத்தில் கித்தா என்ற ரப்பர் மரம், இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. பால்வெட்டிய நம் குடும்பங்கள் டவுனுக்கும் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் பெயர்ந்துவிட, லயங்களுக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) இந்தோனேசியரும் பங்களாதேஷ்காரரும் நேப்பாளிகளும் வந்தார்கள். கூடவே அவர்கள் ஊர்த் தீனியும் வந்தது. இன்னொரு பக்கம் கைத்தொலைபேசி வழியாக ஜப்பானும் கொரியாவும் துருக்கியும் வந்து இறங்கின. இரண்டு கூட்டமும் ஒரே தெருவில், ஒட்டி ஒட்டிப் போட்ட கூடாரங்களில்.

முதலில் பக்சோ. நடத்துகிற காக் (அக்கா) ஜாவாவிலிருந்து வந்து இங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டவர். பக்சோ என்றால் இறைச்சியை மரவள்ளி மாவோடு அரைத்து உருட்டி, எலும்புச் சாற்றில் மஞ்சள் மீ நூடுல்ஸும் சூஹூன் என்ற அரிசிச் சேமியாவும் சேர்த்துத் தருவது. மேலே பொரித்த வெங்காயம், தாவுன் சுப் என்ற செலரிக் கீரை, ஒரு கரண்டி சம்பல், கொஞ்சம் கீச்சாப் என்ற சோயா சாஸ். அசல் உருண்டை மாட்டிறைச்சி. என்னைப்போல் மாடு தொடாதவர்களுக்குக் கோழி உருண்டை வைத்திருக்கிறார். ஆனால் உருண்டையை மட்டும் கேட்டால் போதாது, சாற்றையும் கேட்க வேண்டும். கேட்டபோது காக் முகம் சுளிக்கவில்லை. மூடி போட்ட சின்னப் பானையைத் திறந்து காட்டி, "இனி ஆயாம், காக்" (இது கோழி, அக்கா) என்று என்னையும் காக் ஆக்கிவிட்டார். கரண்டியையும் மாற்றினார். ஒரு கிண்ணம் 7 வெள்ளி (ரிங்கிட்). உருண்டை கடித்தால் பல்லைத் திருப்பித் தள்ள வேண்டும், அப்படித்தான் தள்ளியது. மாவு கூடினால் ரப்பராகிவிடும், குறைந்தால் சாற்றிலேயே உதிர்ந்துவிடும். இந்த அம்மாவுக்குக் கை பிடிபட்டிருக்கிறது. சாற்றில்தான் உப்பு ஒரு கல் தூக்கல். நாள் முழுக்கக் குலை வெட்டி வேர்த்து வருகிற பையன்களுக்கு அது சரியாக இருக்கும்.

நான்கு கூடாரம் தள்ளி சோம் தாம். பச்சைப் பப்பாளியை இடித்துச் செய்வது, தாய்லாந்தின் வடகிழக்கிலும் லாவோஸிலும் அன்றாடச் சாப்பாடு. நம் பேராக் எல்லையைத் தாண்டினால் தாய்லாந்தின் பெத்தோங். அங்கிருந்து இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த பெண் இடிக்கிறாள். மண் உரல், மர உலக்கை. கல்லில் இடித்தால் பப்பாளி கூழாகிவிடும், மண் உரலில் நசுங்க மட்டும் செய்யும். பூண்டும் மிளகாயும் முதலில் விழுகின்றன. பிறகு பனைவெல்லம், பயற்றங்காய், தக்காளி, காய்ந்த இறால், மீன் சாறு, எலுமிச்சை. பப்பாளி கடைசியில், அதுவும் நான்கைந்து இடிதான், இடது கைக் கரண்டியால் கிளறிக்கொண்டே. "சிலி பெராப்பா?" (மிளகாய் எத்தனை?) என்று கேட்கிறாள். மூன்று என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டு போட்டாள். அந்த இரண்டுக்கே என் வீட்டுக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டு கரும்புச் சாறு தேடிப் போனார். 8 வெள்ளி. பசார் மாலாம் முழுக்க ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் இங்கே கொடுங்கள்.

ஜப்பானின் மாவுருண்டையான தாக்கோயாக்கி விற்கும் கடையில் என் பரீட்சை செல்லாது. சுங்கை சிப்புட்டில் வரிசையில் நிற்க ஜப்பான்காரரை எங்கே தேடுவது? அதனால் கையைப் பார்த்தேன். போட்டு நடத்துவது நம் பையன். பலகை முழுக்க ஜப்பான் எழுத்து, காசுப் பெட்டிமேல் முருகன் படம். சட்டி நம் குழிப்பணியாரச் சட்டியேதான், குழிகள்தான் நெருக்கம். மாவு குழிக்குள் நிற்காமல் சட்டி முழுக்க வழிய ஊற்றுகிறான், அது சரி. ஓரம் பிடித்ததும் கம்பியால் வெட்டி, வழிந்ததை எல்லாம் உள்ளே மடக்கிப் புரட்டுகிறான். அதனால்தான் உருண்டை முழு வட்டமாக வருகிறது, நடுவில் குழைவும் இருக்கிறது. கம்பி சுழலும் வேகத்தைப் பார்க்கவே ஒரு வெள்ளி கொடுக்கலாம்.

ஒசாக்காவில் எண்டோ தொமேகிச்சி என்பவர் 1935-இல் இதற்குள் ஆக்டபஸ் துண்டு வைத்து விற்க ஆரம்பித்தார். அவர் கடை உருண்டைக்கு மேலே சாஸ் கிடையாது, மாவிலேயே ருசி. நம் பையன் கடையில் உள்ளே சாசேஜ், நண்டுக் குச்சி, சீஸ், மேலே சாஸும் மயோனைஸும் குளமாக நிற்கும்.

"ஆக்டபஸ் இல்லையா தம்பி?"

"போட்டா ஆறு உருண்டை பன்னெண்டு வெள்ளி ஆயிரும்கா. யாரு வாங்குவா? சோத்தோங் வேணும்னா போடறேன், எட்டு வெள்ளி."

சோத்தோங், அதாவது கணவாய், வாங்கினேன், மயோனைஸ் வேண்டாம் என்று சொல்லி. அப்படி வாங்குங்கள். சாசேஜ் போட்டது வெறும் மாவுருண்டை. பையன் கெட்டிக்காரன். சம்பல் நெத்திலியை உள்ளே வைத்துப் பார் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். செய்தால் ஒசாக்காவுக்கு நஷ்டமில்லை, எனக்கு வியாபாரத்தில் பங்கு வேண்டும்.

கொரியாவின் தொக்போக்கி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரிசிக் கட்டியைக் கொச்சுஜாங் என்ற புளிக்க வைத்த மிளகாய் விழுதில் வேகவிடுவது அது. விழுதில் சோயாவும் பசையரிசியும் சேர்ந்து புளித்திருக்கும், காரத்துக்குப் பின்னால் ஆழமாக ஒரு ருசி வரும். இங்கே வந்தது தக்காளி சாஸும் சீனியும். அரிசிக் கட்டி எப்போது சட்டிக்குள் போனதோ, என் முறை வந்தபோது கரண்டிக்கே ஒட்டிக்கொண்டிருந்தது. கூட வந்த என் மருமகள், நாடகத்தில் இதைப் பார்த்துப் பார்த்து ஏங்கியவள், இரண்டு வாய்க்குப் பிறகு பேசாமல் என் சோம் தாமுக்குக் கை நீட்டினாள். துருக்கிக் கெபாப் கடையில் இறைச்சி குத்திய கம்பம் சுற்றுகிறது, இறைச்சி வெட்டப்படுவதோ பக்கத்துத் தட்டிலிருந்து. கம்பம் சும்மா ஜோடனை. 10 வெள்ளி.

சந்தைக்கு வெளியே, பேருந்து நிலையத்துப் பக்கம், பங்களாதேஷ் சாமான் கடை வாசலில் ஜால்முரி கிடைக்கும். பொரி, மிக்சர், வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, அதன்மேல் பச்சைக் கடுகெண்ணெய். டின்னுக்குள் போட்டுக் குலுக்கிக் காகிதக் கூம்பில் கொட்டுகிறார்கள், 3 வெள்ளி. கடுகெண்ணெய் மூக்கில் ஏறும், எல்லாருக்கும் பிடிக்காது. மிக்சர் மட்டும் சுமார்தான். ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே என்ற கடலை, மிக்சர் வகைகளைத் தின்று வளர்ந்த நாக்குக்கு வேறு மிக்சர் இறங்குவது கஷ்டம். ஆனால் சம்பள நாள் இரவில் அந்த வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். அத்தனை பேரும் அந்த ஊர்க்காரர்கள், ஆளுக்கு இரண்டு கூம்பு.

நம் வடைக் கடையை விட்டுவிட்டால் பாரபட்சம் என்பீர்கள். இறாலை முழுசாக மேலே பதித்த வடை, கூடக் கடிக்கப் பச்சை மிளகாய். வரிசையில் சீனரும் மலாய்க்காரரும் நிற்கிறார்கள், நம் முகம் ஒன்றுகூட இல்லை. காரணம் வாயில் வைத்தால் தெரியும்: வீட்டில் சுட்டுக் கொண்டு வந்து இங்கே மறுபடி எண்ணெயில் முக்குகிறார்கள். வெளியே கருகல், உள்ளே ஈரம். நம் ஆட்கள் எல்லாம் புட்டுமாயம் (இடியாப்பம்) வாங்க, மோட்டார் சைக்கிளில் விற்கிறவரைச் சுற்றி நிற்கிறார்கள், தேங்காய்ப்பூவும் சிவப்புச் சீனியும் வைத்துத் தருகிறார். நானும் அங்கேதான் போனேன். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ நம் மலேசியக் காலை உணவுப் பண்பாட்டைப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும்தான் எல்லாச் செய்தியிலும் வந்தன. புட்டுமாயத்தை யாரும் பெரிதாகப் பேசவில்லை. நாசி லெமாக் விற்கிற எனக்கே அது கொஞ்சம் உறுத்தல்தான்.

ஆறு மணிக்குள் போய்விடுங்கள்; ஏழரைக்குப் பிறகு கோழி பக்சோ இருக்காது, மழை பிடித்தால் சோம் தாம் பெண் முதல் ஆளாக மூட்டை கட்டிவிடுவாள். சில்லறையாகக் காசு வைத்துக்கொள்ளுங்கள். தாக்கோயாக்கித் தம்பியிடம் மூன்று விதமான கியூஆர் இருக்கிறது, பக்சோ காக்கிடம் ஒன்றும் கிடையாது.