செயற்றிட்டவழிக் கற்றலைத் தொடங்க: செயலமர்வா, கையேடா, பக்கத்து வகுப்பு ஆசிரியரா?

இலங்கையின் வடக்கே உள்ள வன்னிப் பாடசாலைகளுக்குச் செயற்றிட்டம் புதிதன்று. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்காக மாணவர்கள் தவணைதோறும் எதையாவது செய்து ஒப்படைக்கிறார்கள். ஆனால் பாடம் முடிந்தபின் புள்ளிக்காகச் செய்யும் ஒப்படை வேறு. ஒரு கேள்விக்கு விடை தேடும் வேலையின் ஊடாகவே பாடத்தைக் கற்பது வேறு. செயற்றிட்டவழிக் கற்றல் எனப்படும் இந்த இரண்டாவதைத் தொடங்க விரும்பும் ஆசிரியருக்குக் கல்வி வலய மட்டச் செயலமர்வு, ஆயத்தக் கையேடு, ஒரே பாடசாலையின் இரு ஆசிரியர்கள் இணைந்து சிறிதாகத் தொடங்குதல் என மூன்று வழிகள் உள்ளன. இவற்றுள் மூன்றாவதையே முதலில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

செயலமர்வில் ஆசிரிய ஆலோசகரின் அனுபவம் கிடைக்கிறது. பல பாடசாலையினர் ஒருவரையொருவர் அறிகின்றனர். வலயம் அழைத்தது என்பதால் அதிபரின் ஆதரவும் எளிதாகக் கிடைக்கிறது. எனினும், பாடத்துக்கு ஒரே ஓர் ஆசிரியர் உள்ள சிறிய பாடசாலையிலிருந்து அவர் புறப்பட்டுவிட்டால், அன்று அந்தப் பாடம் எந்த வகுப்பிலும் நடைபெறாது. அதைவிடப் பெரிய குறை, செயலமர்வில் எழும் ஐயங்கள் பெரும்பாலும் கற்பனையானவை என்பதாகும். குழுவில் இருவர் மட்டும் வேலை செய்ய மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது, 40 நிமிடப் பாடவேளை அளவீட்டின் நடுவே முடிந்துவிட்டால் எப்படித் தொடர்வது என்ற உண்மையான கேள்விகள், ஆசிரியர் தம் வகுப்பில் இறங்கிய பின்னரே பிறக்கின்றன. அப்போது ஆலோசகர் அருகில் இருப்பதில்லை.

கையேட்டுக்குச் செலவு குறைவு. படிமுறையும் கால அளவும் கணிப்பீட்டு நியதிகளும் எழுதப்பட்டிருப்பதால் புதிய ஆசிரியருக்குத் துணிவு வருகிறது. ஆனால் கேள்வியும் அதனுடனேயே அச்சாகி வந்துவிடுகிறது. செயற்றிட்ட முறையைப் பற்றி 1918இல் எழுதிய அமெரிக்கக் கல்வியாளர் வில்லியம் ஹேர்ட் கில்பற்றிக், பிள்ளை முழுமனதோடு தனதாக்கிக்கொண்ட நோக்கமே அதன் உயிர் என வலியுறுத்தினார். நூதனசாலைக்குச் செல்க, இணையத்தில் தேடுக என்று சொல்லும் கையேடு வன்னியின் துணுக்காயிலோ மடுவிலோ உள்ள பிள்ளைக்கு அந்த நோக்கத்தைத் தராது. அங்கே கையெட்டும் தூரத்தில் இருப்பவை குளமும் வாய்க்காலும், கமக்கார அமைப்பின் கூட்டங்களும், காலபோகமா (மாரி நெற்செய்கை) சிறுபோகமா (கோடை நெற்செய்கை) என்று நாள் பார்த்துப் பேசும் பெற்றோருமே.

மூன்றாவது வழியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தரம் 8க்கு விஞ்ஞானம் கற்பிப்பவரும் கணிதம் கற்பிப்பவரும் மாரி மழை தொடங்கும் ஒக்டோபரில், "நம் ஊரில் இந்த மாதம் பெய்யும் மழை ஓர் ஏக்கர் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் தரும்?" என்ற ஒரு கேள்வியோடு தொடங்கலாம். நேரான பக்கங்களையுடைய பிளாஸ்ரிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டிப் புனல்போலத் தலைகீழாகச் செருக வேண்டும். மேடுபள்ளமான அடிப்பகுதியைச் சிறு கற்களால் நிரப்பி, அவை மூழ்கும்வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் குறிக்க வேண்டும். மழைமானி தயார். நாளும் காலை ஒரே நேரத்தில் அளவெடுத்து, நீரைப் பூச்சியக் குறிக்குக் கொண்டுவருவது குழுவின் பொறுப்பு.

வேப்பமரத்தடியில் வைத்த குழுவின் அளவும் திறந்த வெளியில் வைத்த குழுவின் அளவும் ஒத்துவராமற் போகும். யாருடையது சரி என்ற வாதம் எழும். அந்த வாதத்தை ஆசிரியர் அவசரப்பட்டுத் தீர்த்துவைக்கக் கூடாது. பாடம் நிகழும் இடமே அதுதான். கணித ஆசிரியரின் பங்கு அடுத்து வருகிறது. ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை என்பது 1 லீற்றர் நீர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4,047 சதுர மீற்றர். ஆகவே 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் 40,000 லீற்றருக்கும் மேல் விழுகிறது. தகப்பன் விதைத்த வயலுக்கு இக்கணக்கைத் தானே போட்டுப் பார்த்த பிள்ளைக்குப் பரப்பளவும் கனவளவும் மறக்கமாட்டா.

ஒருவர் நடத்தும்போது மற்றவர் வகுப்பின் பின் வாங்கில் அமர்ந்து எந்தக் குழு தயங்குகிறது என்று குறித்துக்கொள்வதே இவ்வழியின் பெரும் பலம். வன்னிக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து நாள்தோறும் வந்துபோகும் ஆசிரியர்கள் பலர். இடமாற்றம் கிடைத்ததும் அவர்கள் கற்றதும் அவர்களோடு போய்விடுகிறது. இருவர் செய்து ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் ஒருவர் போனபின்னும் வேலை நிற்காது. ஊரின் குளமும் போகமும் அறியாத வெளியூர் ஆசிரியருக்கு அவ்வூர்ச் சக ஆசிரியர் பெருந்துணை.

இவ்வழிக்கும் குறை உண்டு. நேரசூசியில் இருவருக்கும் பொதுவான ஓய்வுப் பாடவேளையை அதிபர் ஒதுக்காவிட்டால் இது இரு வாரத்தில் சோர்ந்துவிடும். இருவருமே புதியவர்களாயின் ஒரே தவறை இருவரும் காணாமல் விடுவர். ஆலோசகர் தேவைப்படுவது இங்கேதான். முதற்செயற்றிட்டம் நடக்கும்போது அவர் ஒரு தடவை வகுப்புக்கு வரட்டும்; செயலமர்வு அது முடிந்தபின், மாணவரின் குறிப்புக் கொப்பிகளை மேசையில் விரித்துவைத்து நடக்கட்டும். கையேட்டிலிருந்து கணிப்பீட்டு அட்டவணையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதிலும் அழகான பிறிஸ்டல் மட்டைக்குப் புள்ளி வேண்டாம். அப்படி வழங்கினால் வேலையை வீட்டில் அண்ணனோ அக்காவோ செய்துவிடுவார்கள். நாளாந்த அளவுக் குறிப்புக்கும், பிழையைக் கண்டு திருத்தியமைக்கும் புள்ளி வழங்க வேண்டும். சாதாரண தரப் பரீட்சையை நெருங்கும் தரம் 11ஐ விட்டு, தரம் 7 அல்லது 8இல் ஓர் அலகோடு தொடங்குவது ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் பதற்றமின்றி அமையும்.