பாதியில் முறிந்த பருவத்துக்கு எப்படி கிரேடு போடுவது?

2020 மார்ச் மாதத்தில், கொரோனா தொற்றால், சில வாரங்களுக்குள் உலகின் பெரும்பாலான பல்கலைக்கழக வளாகங்கள் காலியாகிவிட்டன. பாடம் திரைக்கு மாறியது. தனி அறையும் நல்ல இணைய இணைப்பும் உள்ளவன் படிப்பைத் தொடர்ந்தான். தம்பி தங்கைகளோடு ஒரே கைப்பேசியைப் பங்குபோட்டவள் வகுப்பில் பாதியைத் தவறவிட்டாள். பருவம் முடிந்ததும் இருவருக்கும் ஒரே அளவுகோலில் கிரேடு போடலாமா என்ற கேள்வி எழுந்தது. பல்கலைக்கழகங்கள் அதற்கு வெவ்வேறு விடைகளைச் சொன்னன. அவற்றில் எது மாணவரை உண்மையில் காப்பாற்றியது, எது காப்பாற்றுவதாகச் சொல்லிக் கைவிட்டது என்பதை இப்போது நிதானமாகப் பார்க்கலாம். இது பழங்கதை இல்லை. 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தேர்வுகள் தள்ளிப்போயின. அடுத்த இடையூறும் வரத்தான் போகிறது.

எந்த முறையையும் எடைபோட எனக்கு ஒரு கேள்வி போதும். அந்த மதிப்பெண் பட்டியலை நாளைக்கு யார் கையில் எடுத்துப் படிக்கப் போகிறார், அப்போது விளக்கம் சொல்ல வேண்டியவர் யார்? பல்கலைக்கழகமா, இருபது வயது மாணவரா?

எல்லாருக்கும் ஒரே முறை

முதல் வழி, அந்தப் பருவத்துக்கு மட்டும் கிரேடையே எடுத்துவிடுவது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, டார்ட்மத், எம்ஐடி, ஹார்வர்டு ஆகியவை இந்த வழியில் போயின. யேல் முதலில் மாணவர் விருப்பத்துக்கு விட்டது. ஏப்ரலில் மனம் மாறி அனைவருக்கும் தேர்ச்சி அல்லது தோல்வி என்று அறிவித்தது. எம்ஐடியின் ஏற்பாடு இவற்றில் கருணை மிகுந்தது. ஏ, பி, சி தரத்தில் முடித்த எல்லாருக்கும் ஒரே அவசரகாலத் தேர்ச்சிக் குறியீடு. டி, எஃப் தரத்தில் நின்றவர்களின் பாடம் வெளியே போகும் பட்டியலில் ஏறாது. அந்த நிறுவனத்துக்கு இது புதிய யோசனையும் இல்லை. முதலாண்டு மாணவர்களின் முதல் பருவத்தில் தோல்வியைப் பதிவு செய்யாத வழக்கம் அங்கே பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது.

கட்டாய முறையின் பெரிய பலம், யாரும் யாரையும் பார்த்து 'நீ ஏன் கிரேடு வாங்கவில்லை?' என்று கேட்க முடியாது என்பதுதான். கிரேடு எடுக்காதது மாணவரின் முடிவு அல்ல, பல்கலைக்கழகத்தின் முடிவு. இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியமானது என்பதை ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் அறிவிப்பு காட்டிக்கொடுத்தது. ஒரு பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தில் தேர்ச்சி, தோல்வி மட்டுமே வழங்குவதைத் தன் கொள்கையாக வைத்திருந்தால் அதை ஏற்றுக்கொள்வோம் என்றது அந்தக் கல்லூரி. கிரேடா, தேர்ச்சி மட்டுமா என்று மாணவரே முடிவெடுக்கலாம் என்றிருந்த இடத்திலிருந்து வந்தவருக்கு இதன் பொருள் தெளிவு. கிரேடு வாங்கும் வழி உனக்கு இருந்தது, நீ வாங்கவில்லை. மருத்துவப் படிப்புக்குக் காத்திருந்தவர்கள் பலர் தங்கள் பல்கலைக்கழகத்திடம் 'எங்களுக்கு விருப்பம் வேண்டாம், கட்டாயமாக்குங்கள்' என்று கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். சுதந்திரம் கொடுத்தால் மறுப்பார்களா என்று கேட்பவர்கள் இந்த நெருக்கடியை அறியாதவர்கள்.

ஆனால் கட்டாய முறையில் நசுங்கியவர்களும் உண்டு. முதலாண்டில் தடுமாறி, இரண்டாம் ஆண்டில் மெல்ல மெல்லச் சராசரியை ஏற்றிக்கொண்டு வந்தவருக்கு அந்த ஒரு பருவம்தான் ஏணிப்படி. உதவித்தொகைக்கு வேண்டிய சராசரியைத் தொட இன்னும் சில புள்ளிகள் தேவை என்ற நிலையில், நன்றாகப் படித்து முடித்த பாடங்கள் எல்லாம் வெறும் 'தேர்ச்சி' என்று ஆகிவிட்டால் ஏறிய உழைப்பு கணக்கிலேயே வராது. இதைச் சிறிய குறையாக என்னால் நினைக்க முடியவில்லை. ஏற்கெனவே நல்ல சராசரியோடு இருந்தவர் அதை அப்படியே பத்திரமாக வைத்துக்கொண்டார். மேலே வரப் போராடியவரின் கதவுதான் சாத்தப்பட்டது.

காலக்கணக்கும் இதில் உண்டு. ஸ்டான்ஃபோர்டு ஆண்டை மூன்று மாதப் பருவங்களாகப் பிரிப்பதால், அதன் வசந்தப் பருவம் தொடங்குமுன்பே முடிவை அறிவிக்க முடிந்தது. எல்லாரும் விதியை அறிந்தே வகுப்புக்கு வந்தார்கள். கொலம்பியா போன்ற இடங்களில் ஜனவரியில் தொடங்கிய பருவம் பாதி ஓடியிருந்தது. இடைத்தேர்வில் உயிரைக் கொடுத்துப் படித்தவரிடம் நடுவழியில் விதியை மாற்றினார்கள். ஒரே கொள்கைதான், ஆனால் நியாயம் ஒன்றல்ல.

மாணவர் கையில் விட்டால்

பிரின்ஸ்டன், பென்சில்வேனியா, கார்னெல் போன்றவை கிரேடா, தேர்ச்சி மட்டுமா என்பதைப் பெரும்பாலும் மாணவரிடமே விட்டன. பெர்க்லியில் இது தலைகீழ். அங்கே இயல்பு நிலையே தேர்ச்சி அல்லது தேர்ச்சியின்மை. கிரேடு வேண்டுவோர் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமலே எது கிடைக்கிறது என்பதைச் சிறு நிர்வாக விவரமாக எண்ணிவிடக் கூடாது. நோயாளியைக் கவனித்துக்கொண்டிருக்கும் மாணவருக்குப் படிவம் நிரப்ப நேரமோ நினைவோ இருக்காது. எதுவும் செய்யாமல் விட்டாலும் பாதுகாப்பு கிடைக்கும்படி அமைத்ததில் பெர்க்லி மற்றவற்றைவிட யோசித்துச் செயல்பட்டது.

இந்த வகையில் என் மனத்தில் முதலிடம் பெறுவது நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம். 25 கல்லூரிகள் கொண்ட அரசுப் பல்கலைக்கழகம் அது. குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள், பகலில் வேலை செய்து மாலையில் படிப்பவர்கள் என்று நகரத்தின் உழைக்கும் மக்கள் நிறைந்த இடம். 2020 ஏப்ரலில் அந்த நகரமே நோயின் மையமாக இருந்தது. அங்கே எடுத்த முடிவு இதுதான்: ஆசிரியர் வழக்கம்போல கிரேடு போடட்டும், மாணவர் அதைக் கண்ணால் பார்க்கட்டும், கிரேடு பதிவு செய்யும் கெடு முடிந்து 20 வேலை நாட்களுக்குள், எந்தெந்தப் பாடத்தில் கிரேடு இருக்க வேண்டும், எதில் வெறும் கிரெடிட் (பாடத்தை முடித்ததாகக் கணக்கு, ஆனால் சராசரியில் சேராது) போதும் என்று பாடவாரியாகத் தீர்மானிக்கட்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் வலு புரியும். தலா மூன்று கிரெடிட் கொண்ட நான்கு பாடங்கள். ஏ, பி பிளஸ், பி, டி என்று கிரேடுகள் வருகின்றன, புள்ளிகள் 4.0, 3.3, 3.0, 1.0. சராசரி 2.83. அந்த டி கிரேடை மட்டும் கிரெடிட்டாக மாற்றினால் மீதி மூன்றின் சராசரி 3.43. வீட்டில் சாவு விழுந்த வாரத்தில் எழுதிய ஒரு தேர்வு மூன்று பாடங்களின் உழைப்பைத் தின்றுவிடாமல் தடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. பல பல்கலைக்கழகங்களில் இறுதித் தேர்வுக்கு முன்பே முடிவைச் சொல்லிவிட வேண்டியிருந்தது. என்ன கிரேடு வரும் என்று தெரியாமல் தேர்ந்தெடுக்கச் சொல்வது மாணவரைச் சூதாட விடுவது. மதிப்பெண்ணைக் கண்டபின் தேர்ந்தெடுக்க விடுவதுதான் உண்மையான உரிமை.

எதிர்வாதம் இல்லாமல் இல்லை. அதே மாணவர் பி கிரேடையும் மாற்றிவிட்டால் சராசரி 3.65 ஆகிவிடும். நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை மறைக்கும் வழி இது என்பார்கள். ஆம், அப்படியும் செய்ய முடியும். ஒரே ஒரு பருவத்தில் சிலருக்குச் சராசரி கொஞ்சம் உப்பிப்போவதைவிட, பேரிடர் நடுவே படித்தவரின் பட்டியலில் காலத்துக்கும் ஒரு டி நிற்பது பெரிய அநீதி என்பது என் நிலைப்பாடு. பட்டியலைப் படிப்பவர் 2020 என்ற ஆண்டைப் பார்த்தாலே எந்தப் பருவம் அது என்று அறிவார். தவிர, மாற்றிய பிறகு திரும்பப் பெற முடியாது என்ற நிபந்தனையும் அங்கே இருந்தது. தொழில்முறைப் படிப்புகளில் சில பாடங்களுக்கு எழுத்துக் கிரேடே வேண்டும் என்ற விதி இருந்தால் மாணவர் முதலில் ஆலோசகரைக் கேட்டாக வேண்டும்.

பிரிட்டனின் பாதுகாப்பு வலை

எக்சிட்டர் உள்ளிட்ட பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் வேறொரு பாதையில் போயின. மார்ச் நடுப்பகுதிவரை மாணவர் வாங்கியிருந்த சராசரியை எடுத்துக்கொள்வார்கள். அதன் பிறகு எழுதும் தேர்வுகளில் தேற வேண்டும். ஆனால் இறுதிச் சராசரி அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்காது. ஏறினால் ஏற்றம் உனக்கு. 60க்கு மேல் எடுத்தால் மேல் இரண்டாம் வகுப்பு, 70க்கு மேல் முதல் வகுப்பு என்று பட்டத்தின் தரமே பிரிந்துபோகும் நாட்டில் 62 இலிருந்து 58க்குச் சரிவது வேலைக்கான விண்ணப்பத்தையே பாதிக்கும். அந்தச் சரிவை இந்த முறை தடுத்தது. மேலே ஏறுபவருக்கும் வழி விட்டது. அமெரிக்காவின் கட்டாய முறையில் இல்லாத நன்மை இது.

இதன் பலவீனம் ஓராண்டில் தெரிந்துவிட்டது. 2021 ஜனவரியில் மாணவர்கள் மறுபடி கேட்டபோது, பிரிட்டனின் முன்னணி ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ரஸ்ஸல் குழுமம் அதே முறையைத் திரும்பக் கொண்டுவர மறுத்தது. ஒப்பிடுவதற்கு இடையூறுக்கு முந்தைய மதிப்பெண் வேண்டும். பெரும்பாலோருக்கு அது இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. வாதம் சரிதான். அந்த ஆண்டு முழுவதுமே நோய்க்காலம். ஆக, பாதுகாப்பு வலை குறுகிய இடையூறுக்கு நல்ல முறை. நீண்டு இழுக்கும் இடையூறுக்கு உதவாது.

நம் நாட்டில் நடந்தது

பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரல் 29 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல், இடைப்பட்ட பருவ மாணவர்களுக்குத் தேர்வு நடத்த முடியாத இடங்களில் பாதி அக மதிப்பீட்டிலிருந்தும் பாதி முந்தைய பருவத்தின் செயல்பாட்டிலிருந்தும் கிரேடு தரலாம் என்றது. முந்தைய பருவமே இல்லாத முதலாண்டினருக்கு முழுவதும் அக மதிப்பீடு.

பார்க்க நியாயமாகத் தெரியும் இந்தச் சூத்திரத்தில் இரண்டு மாணவரை வைத்துப் பாருங்கள். ஒருத்தி முந்தைய பருவத்தில் 45 எடுத்தாள். விழித்துக்கொண்டு இந்தப் பருவத்தின் அக மதிப்பீட்டில் 80 எடுத்தாள். இன்னொருவன் முன்பு 80, இப்போது 45. இருவருக்கும் 62.5. எழுந்தவளும் சரிந்தவனும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். பிரிட்டனும் பழைய மதிப்பெண்ணைத்தான் பயன்படுத்தியது, ஆனால் கீழே விழாமல் தாங்கும் தரையாக. இங்கே அதே பழைய மதிப்பெண் மேலே போகவிடாமல் இழுக்கும் எடையாகவும் மாறியது. கிரேடை உயர்த்திக்கொள்ள விரும்புவோர் அடுத்த பருவத்தில் சிறப்புத் தேர்வு எழுதலாம் என்ற வாய்ப்பை அந்த வழிகாட்டுதல் தந்தது உண்மைதான். ஆனால் அது இன்னொரு தேர்வு. கிரேடைப் பார்த்துவிட்டு ஒரு பாடத்தைச் சராசரியிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமை அதில் இல்லை.

இறுதிப் பருவத்துக்கு இந்தச் சலுகையும் கிடையாது. செப்டம்பர் இறுதிக்குள் தேர்வு கட்டாயம் என்று ஜூலை 6 அன்று மானியக் குழு சொன்னது. தேர்வில்லாமல் பட்டம் தர மாநிலங்களால் முடியாது, காலக்கெடு நீட்டிப்பை வேண்டுமானால் கேட்கலாம் என்று ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதற்கு இரண்டு நாள் முன்னதாகத் தமிழ்நாட்டில் வந்தது அந்தப் புகழ்பெற்ற அறிவிப்பு. இறுதிப் பருவம் தவிர, கட்டணம் கட்டியிருந்த அரியர் பாடங்கள் எல்லாவற்றிலும் தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். ஊர்ஊராக நன்றிச் சுவரொட்டி ஒட்டிய மாணவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பல ஆண்டு அரியரின் பாரம் என்ன என்பது சுமந்தவருக்குத்தான் தெரியும். குறை அறிவிப்பில் இருந்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு அதை ஏற்கவில்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. தேர்வே வைக்காமல் தேர்ச்சி என்பதை ஏற்க முடியாது என்று 2021 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது. இடையில் கழிந்த மாதங்களில் தான் தேறியவனா, தேறாதவனா என்று நிறுவனங்களிடம் சொல்ல முடியாமல் நின்றவர் மாணவர்தான்.

ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் நிபந்தனையும் நம் அரியர் விவகாரமும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. சலுகையை யார் அறிவிக்கிறார் என்பதைவிட, பட்டியலைப் படிக்கப்போகிறவர் அதை ஒப்புக்கொண்டாரா என்பதே முக்கியம். அமெரிக்கச் சட்டக் கல்லூரிச் சேர்க்கைக்கான குழு இதைப் புரிந்துகொண்டது. 2020 வசந்தப் பருவத்தில் படித்த ஒவ்வொரு விண்ணப்பதாரரின் கோப்பிலும், அந்தப் பருவத்தின் மதிப்பீட்டு முறை எப்படி மாறியது என்பதைக் குறிக்கும் நிரந்தரக் கடிதத்தை வைப்பதாக அறிவித்தது. மாணவர் வாய் திறக்கத் தேவையில்லை.

ஒத்திவைப்பும், வழக்கம்போலத் தேர்வு வைப்பதும் மீதி இரண்டு வழிகள். சில நாள் மழைக்கு ஒத்திவைப்பே சிறந்தது. கிரேடைத் தொட வேண்டிய தேவையே இல்லை. மாதக்கணக்கில் நீண்டால் அது வேலையில் சேரும் தேதியையும் மேற்படிப்புச் சேர்க்கையையும் விழுங்கிவிடும். வழக்கம்போலத் தேர்வு என்பதும் நடுநிலையான வழி அல்ல. 2021 பிப்ரவரியில் கேமரா கண்காணிப்போடு அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய இணையவழித் தேர்வின் முடிவுகள் வந்ததும், தோல்வியும் நிறுத்திவைப்பும் குறித்துப் புகார்கள் குவிந்தன; கடைசியில் மறுதேர்வுக்கு வழி செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே என் வரிசை இது. இடையூறு சில வாரங்கள் மட்டும் என்றால் பிரிட்டனின் பாதுகாப்பு வலை. பருவம் தொடங்குமுன்பே இடையூறு உறுதியாகிவிட்டால் ஸ்டான்ஃபோர்டு செய்ததுபோல் அனைவருக்கும் ஒரே முறை. நடுவழியில் முறிந்து நீளும் பருவத்துக்கு, கிரேடைக் கண்டபின் பாடவாரியாகத் தேர்ந்தெடுக்கும் நியூயார்க் முறை. அதோடு, அந்தப் பருவத்தில் படித்த எல்லாருடைய பட்டியலிலும், மாற்றியவர் மாற்றாதவர் என்ற வேறுபாடு இல்லாமல், ஒரே குறிப்பைப் பல்கலைக்கழகமே அச்சிட வேண்டும். பாதி பாதிச் சூத்திரத்தைக் கடைசியில்தான் வைப்பேன். அதையும் பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், சூத்திரம் தரும் எண், அக மதிப்பீடு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதை மாணவருக்குக் கொடுக்க வேண்டும். 45இலிருந்து 80க்கு ஏறியவளுக்கு அப்போது 80 கிடைக்கும். 80இலிருந்து 45க்குச் சரிந்தவனுக்கும் 62.5 குறையாது.